ஜானவாசத்துக்கு வந்த டிராக்டர்

வண்டி நின்ற இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்று மயிலாப்பூர்ப் பக்கமே வராதவர்கள்கூடக் கண்ணால் பார்த்ததுபோலப் பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

பெண்ணைப் பெற்றவர் கஸ்தூரிரங்கன் இருந்தார். அவர் மனைவி ஜலஜா இருந்தாள். கஸ்தூரிரங்கனின் தம்பி ஸ்ரீவத்சன் வண்டியை ஓட்டினார். வண்டிக்குப் பின்னால் பூட்டிய சிறிய டிரெய்லரில் நாற்காலி போட்டு மாப்பிள்ளை சாய்சரண் உட்கார்ந்திருந்தான். அவனுடைய தாய்மாமன், தி. நகர் தேசிகன், பக்கத்தில் நடந்து வந்தார். புதுப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஷரஃபுதீன் மறுபக்கம் வந்தார். முன்னால் நாதஸ்வரக்காரர்கள் நால்வர். அவர்களுக்கும் முன்னால் போக்குவரத்துக் காவலர் நெடுஞ்செழியன். இவர்களைத் தவிரப் பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர், பெண் வீட்டார் இருபத்திரண்டு பேர். மணப்பெண் மஹதி இல்லை. மண்டபத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வேறு எவர் என்ன சொன்னாலும் அது கேட்ட பேச்சுதான்.

கஸ்தூரிரங்கன் உயர் நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்து, ஷிரஸ்தாராக ஓய்வு பெற்றவர். எழுபது வயதாகியும் உட்கார்ந்தால் நாற்காலி முதுகில் சாய மாட்டார். தெருவில் நாலு பேர் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் கூடவோ குறைவாகவோ பேசிவிடக் கூடாது என்பது அவர் கவலை. அப்படிப்பட்டவர் பன்னிரண்டு வருஷமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க தம்பி என்ன பண்றார்?" என்று யார் கேட்டாலும், "கன்சல்டன்டா இருக்கான்" என்பார். எதற்குக் கன்சல்டன்ட் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் காபியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஸ்ரீவத்சன் கன்சல்டன்ட் இல்லை. ஒரு பம்பு கம்பெனியில் சர்வீஸ் மேனேஜராக இருந்தார். பழைய பம்பை ரிப்பேர் பண்ண வேண்டாம், புதிதாக ஒன்றை வாங்கச் சொல்லு என்று கம்பெனி உத்தரவு போட்ட வருஷம் வேலையை விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடையாறு காந்தி நகரில் அண்ணாவோடுதான் இருந்தார்; ஆனால் பகல் முழுதும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய கார் ஷெட்டில், தோட்ட டிராக்டர்களுக்கு அடியில் படுத்துக்கிடப்பார்.

தோட்ட டிராக்டர் என்றால் வயலில் உழுகிற டிராக்டர் இல்லை. அதில் பாதி உயரம்கூட இருக்காது. பெரிய பங்களாக்களின் புல்தரைக்காக அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவை. புல் வெட்டும், மண் இழுக்கும், உருளையைப் பூட்டினால் டென்னிஸ் தரையைச் சமன் செய்யும். பங்களாக்கள் அடுக்குமாடிகளானபோது அவையெல்லாம் பழைய இரும்போடு புதுப்பேட்டைக்குப் போயின. அங்கேதான் ஸ்ரீவத்சன் அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி ஒன்றைக் கண்டெடுத்தார். ஸ்டீயரிங் இருந்தது, சீட் இல்லை. எஞ்சின் இருந்தது, அதை ஒரு விரற்கடைகூட அசைக்க முடியவில்லை.

அதை மீட்க இரண்டரை வருஷம் ஆனது. துருப்பிடித்து இறுகியிருந்த பிஸ்டனை, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி, பதினெட்டு நாள் பொறுத்திருந்து கழற்றினார். மேலே இருந்த நாலு அடுக்குப் பெயின்டைத் தகடு கீறாமல் சுரண்டி, எருக்கம்பூ நிறத்தில் இருந்த முதல் பூச்சைக் கண்டுபிடித்து, அதே நிறத்தைக் கலக்கி அடித்தார். முன் சக்கரத்துக்குச் சரக்குத் தள்ளுவண்டியின் டயர் பொருந்தியது. பிஸ்டனுக்கான வளையம்தான் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஷரஃபுதீன் தன் லேத்தில் கடைந்து கொடுத்தார். "ஊர்ல பொண்ணு கெடச்சாலும் கெடைக்கும் சார், இந்த ரிங்கு கெடைக்காது. பேஜார் புடிச்ச வண்டி இது" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை கடைந்தார்.

எஞ்சினின் இடப் பக்கத்தை மூடும் தகடு மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் எஞ்சின் திறந்தே இருந்தது.

இதெல்லாம் ஷெட்டோடு இருந்திருக்கும். சாய்சரண் பெண் பார்க்க வந்த அன்று கை கழுவக் கொல்லைப் பக்கம் போனான். போனவன் இரண்டு மணி நேரம் திரும்பவில்லை. கூடத்தில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது, மஹதியைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "ஜானவாசத்துக்கு எனக்கு கார் வேண்டாம். அந்த டிராக்டர்தான் வேணும்" என்றான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவதுதான் ஜானவாசம். வண்டி பெண் வீட்டார் பொறுப்பு. கஸ்தூரிரங்கன் ஏற்கெனவே திறந்த கார் ஒன்றைப் பேசி வைத்திருந்தார்.

"புல்லு வெட்டற மெஷின்ல மாப்பிள்ளையை ஏத்தறதா?" என்றார் அன்றிரவு சாப்பாட்டில். "பார்க்கறவா என்ன நினைப்பா?"

"மாப்பிள்ளைதானே கேக்கறார்" என்றாள் ஜலஜா.

"அவன் சின்னப் பையன், கேப்பான். சரி, வண்டி வரட்டும். ஓட்டறதுக்கு வேற ஆள் போட்டுடலாம். அந்த லேத்துக்காரர் ஓட்டட்டும்."

ஸ்ரீவத்சன் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "சரிண்ணா" என்றார்.

மஹதி தட்டைத் தள்ளி வைத்தாள். "வண்டி வேணும், சித்தப்பா வேண்டாமா? எதுக்குப்பா அவரை ஒளிச்சு ஒளிச்சு வெக்கறே?"

"யாரும் ஒளிக்கலை. நகத்துல கிரீஸோட சம்பந்தி முன்னாடி—"

"சித்தப்பா ஓட்டலேன்னா நான் ஓட்டறேன். எனக்கு கியர் போடத் தெரியும். மூக்குத்தி, ஜடைநாகம் எல்லாம் வெச்சுண்டு, மாட வீதி பூரா நானே மாப்பிள்ளையை இழுத்துண்டு வரேன். அப்போ பார்க்கறவா என்ன நினைப்பான்னு பார்க்கலாம்."

சொன்னால் செய்வாள் என்று கஸ்தூரிரங்கனுக்குத் தெரியும். காலம் கடந்து பிறந்த ஒரே பெண். பிடிவாதம் அவரிடமிருந்தே போயிருந்தது. ஸ்ரீவத்சன் ஓட்டலாம், ஆனால் புது வேஷ்டி கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாளே காவல் நிலையத்துக்கு மூன்று பிரதியில் மனு எழுதினார். அதில் டிராக்டர் என்ற சொல் வரவில்லை. 'பாரம்பரிய வாகனம்' என்று இருந்தது.

அந்த நாளும் வந்தது. வண்டியைக் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கேசவப் பெருமாள் கோயில் பக்கம் இறக்கினார்கள். பூக்காரர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். ஸ்ரீவத்சன் அவர்கள் கூடவே நின்று, திறந்திருந்த இடப் பக்கத்தில் வட்டமாக இருந்த ஒரு சல்லடையைக் காட்டினார்.

"எங்க வேணா பூ வெச்சுக்கோங்கோ. இதுமேல மட்டும் வேண்டாம். இந்த எஞ்சினுக்குத் தண்ணி கிடையாது. இது வழியா இழுக்கற காத்துதான் அதைக் குளுர வெக்கறது. இதை மூடினா மூச்சு முட்டிப் போயிடும்."

கஸ்தூரிரங்கனும் அதைக் கேட்டார். நன்றாகவே கேட்டார்.

ஸ்ரீவத்சன் வேஷ்டி மாற்றிக்கொள்ளப் போனார். ஷரஃபுதீன் டிரெய்லருக்குப் பின்னால் குனிந்து நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரிரங்கன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் ரோஜா, பின்னால் சாமந்தி, ஸ்டீயரிங்கில் மல்லி. எல்லாம் பாந்தமாக இருந்தது. இடப் பக்கம் வந்தபோது மட்டும் அவருக்கு முகம் சுருங்கியது. கறுப்பாக, விலா எலும்புபோல வரிவரியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு எஞ்சின் தெரிந்தது. சபையில் மேல்துண்டு இல்லாமல் நிற்கிற மனுஷனைப் போல இருந்தது. தெருமுனையில் தேசிகன் தலைமையில் பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள்.

கூடையில் ஒரு சம்பங்கி மாலை மிச்சம் இருந்தது. அதை எடுத்து எஞ்சின் மேல் போட்டார். அப்போதும் கொஞ்சம் தெரிந்தது. உதிரி ரோஜா இதழ் ஒட்டிய சரம் ஒன்றையும் எடுத்து, சல்லடை மறைகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினார். பத்து நிமிஷ ஊர்வலம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். எட்டி நின்று பார்த்தார். இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஸ்ரீவத்சன் அவசரமாக வந்தபோது தேசிகன், "ராகு காலம் வந்துடப் போறது ஸ்வாமி, கிளப்புங்கோ" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஸ்ரீவத்சன் வலப் பக்கமாகவே ஏறி உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டார். வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. நாதஸ்வரக்காரர் மல்லாரியை எடுக்க, டிராக்டர் அதற்கு ஒத்துப்போகிற மாதிரி டக்டக்கென்று நகர்ந்தது. வீட்டு வாசல்களில் ஜனம் சேர்ந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிடவே செய்தார். மாப்பிள்ளையையா வண்டியையா என்று தெரியவில்லை. தேசிகன்கூட, "ராஜ நடைன்னா இதுதான்!" என்றார். கஸ்தூரிரங்கன் கொஞ்சம் பெருமையாக, தம்பிக்குப் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார்.

சித்திரக்குளத்தின் இரண்டாவது தெருவில் திரும்பியபோது சத்தம் மாறியது. எஞ்சின் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. பிறகு ஒரு வாசனை வந்தது. பூவை வாணலியில் போட்டு வதக்கினால் வருமே, அந்த வாசனை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இரண்டு நொடி கழித்து நாதஸ்வரமும் நின்றது.

"இன்னா சார் ஆச்சு?" என்று ஓடி வந்தார் ஷரஃபுதீன்.

தேசிகன் சிரித்தார். "என்ன ஸ்வாமி, குதிரை படுத்துடுத்தா? மாப்பிள்ளை, இறங்கறியா? நீ தள்ளு, உன் மாமனார் உக்காரட்டும்!" பிள்ளை வீட்டார் பக்கம் ஒரே சிரிப்பு. நெடுஞ்செழியன் வந்து, "சார், பின்னாடி டிராபிக் நின்னுக்கினு கீது. ஓரம் கட்டுங்க" என்றார்.

ஸ்ரீவத்சன் இறங்கினார். இடப் பக்கம் வந்தார். மாலையைப் பார்த்தார். அதன் கீழே விரலை விட்டு, பழுப்பு நிறத்தில் வெந்துபோயிருந்த இதழ்களை ஒரு பிடி இழுத்தார். சூடு தாங்காமல் கையை உதறினார். பிறகு நிமிர்ந்து, நேராக அண்ணாவைப் பார்த்தார்.

கேள்வியாகக்கூட இல்லை அந்தப் பார்வை. மாலை போட்டது யார் என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார், நாற்பது ஜோடிக் கண்கள் எதிரே இருந்தன, மூடிக்கொண்டார்.

ஸ்ரீவத்சன் அந்த இதழ்களைப் புது வேஷ்டியின் மடிப்பில் போட்டுக்கொண்டார். "என் தப்புதான். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுத்திப் பார்த்திருக்கணும்" என்றார். "பத்து நிமிஷம் குடுங்கோ. ஆறினா கிளம்பிடும்."

"நீ இன்னா சார் பண்ண?" என்று ஷரஃபுதீன் குரலை உயர்த்தினார். "சல்லடை மேல பூ வெக்காத, வெக்காதன்னு நீ சொல்லிக்கினே இருந்தியே. எவன் வெச்சான் இத?"

"விடுங்கோ பாய்" என்றார் ஸ்ரீவத்சன்.

சாய்சரண் டிரெய்லரிலிருந்து குதித்தான். மறுநாள் காசி யாத்திரைக்காக வாங்கிய குடை, விசிறி, கைத்தடியெல்லாம் அவன் காலடியில் ஒரு பையில் இருந்தன. பனையோலை விசிறியை உருவிக்கொண்டு வந்து எஞ்சினுக்கு விசிற ஆரம்பித்தான்.

"ஐயையோ, அது நாளைக்குக் காசி யாத்திரைக்கு!" என்று பதறினாள் ஜலஜா.

"காசிக்கு நாளைக்குத்தானே மாமி போறேன். இன்னிக்கு மண்டபத்துக்குப் போகணுமே!"

கூட்டம் சிரித்தது; இந்தத் தடவை கேலியில்லாமல். மாப்பிள்ளை விசிற, ஸ்ரீவத்சனும் ஷரஃபுதீனும் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். சரியாகப் பன்னிரண்டு நிமிஷம். மூன்றாவது தடவை சுவிட்சைப் போட்டபோது வண்டி கிளம்பியது. மிச்சம் இரண்டு தெருவையும் சுற்றி, மந்தைவெளி மண்டப வாசலில் போய் நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். எல்லாரும் உள்ளே போனார்கள்.

கஸ்தூரிரங்கன் மட்டும் போகவில்லை. ஸ்ரீவத்சன் வண்டியைத் திரும்பக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட வா" என்றார் கஸ்தூரிரங்கன்.

"இல்லேண்ணா. வண்டியை ஷெட்டுல விட்டுடறேன்."

"டிரைவர் கொண்டுபோவான். நீ வா."

ஸ்ரீவத்சன் சங்கிலியை இறுக்கி மாட்டினார். "நாளைக்கும் நான் வரலேண்ணா. தப்பா நினைச்சுக்காதே. வரவாளெல்லாம் வண்டி ஏன் நின்னதுன்னு என்னைத்தான் கேப்பா. ஒவ்வொருத்தருக்கா நான் என்ன சொல்றது? மஹதிகிட்ட ஜுரம்னு சொல்லிடு. ஏதாவது சொல்லு. உனக்குச் சொல்லத் தெரியும்."

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அந்தக் கடைசி வார்த்தை கஸ்தூரிரங்கனுக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் கூடத்தில் 'கன்சல்டன்ட்' என்று சொன்னதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"பத்து நிமிஷம் இரு" என்றார். "வண்டியை எடுக்காதே."

மாடியில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. தேசிகன் நடு வரிசையில் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "...பொண்ணோட சித்தப்பா ரிப்பேர் பண்ணின வண்டியாம். பாதியில மூச்சை விட்டுடுத்து. மனுஷர் என்னத்தைக் கன்சல்ட் பண்றாரோ!"

கஸ்தூரிரங்கன் பந்திக்கு நடுவில் போய் நின்றார். அப்போது ரசம் வந்துகொண்டிருந்தது.

"ரசத்தை நிறுத்துங்கோ. ஒரு நிமிஷம்" என்றார். கோர்ட்டில் வழக்கு எண்ணைக் கூப்பிடுகிற குரல் அது. பரிமாறுகிறவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"வண்டி நின்னது வாஸ்தவம். நிக்க வெச்சது என் தம்பி இல்லை, நான். சல்லடை மேல பூ போடாதேன்னு அவன் சொன்னான். என் காதாலே கேட்டேன். அவன் அந்தண்டை போன சமயத்துல நானே போட்டேன். எஞ்சின் தெரிஞ்சா கௌரவக் குறைச்சல்னு நினைச்சேன். எல்லார் முன்னாடியும் அவன் பழியைத் தன் தலைமேல போட்டுண்டான். நான் வாயைத் திறக்கலை." தேசிகன் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. அவன் கன்சல்டன்ட் இல்லை. டிராக்டர் ரிப்பேர் பண்றான். இரும்புக் கடையிலே கிடந்ததை எடுத்து, இரண்டரை வருஷம் பாடுபட்டு ஓட வெச்சான். இந்த ஊர்ல அவனைத் தவிர யாராலேயும் அது முடியாது. இதை முதல்லேயே சொல்லியிருக்கணும்."

தேசிகன் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கன்சல்டன்ட் இல்லேன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியுமே ஸ்வாமி" என்றார். "பொண்ணு பார்க்கப் போன பிள்ளை சட்டையெல்லாம் எண்ணெயோட திரும்பி வந்தான். எந்தக் கன்சல்டன்ட் அப்படி அனுப்புவான்? நீங்க மறைக்கறேள்னு நாங்களும் கேக்கலை." பிறகு தொனி மாறி, "மாலை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் தெருவுல அப்படிப் பேசியிருக்க மாட்டேன். கூப்பிடுங்கோ அவரை. என் பக்கத்துல இலை காலியா இருக்கு" என்றார்.

ஜலஜா அதற்குள் மாடிப்படி இறங்கிவிட்டாள். அப்பாவின் குரல் கேட்டு அறையிலிருந்து வந்த மஹதி, பாதிப் பின்னலோடு அவளுக்கு முன்னால் ஓடினாள். ஸ்ரீவத்சனை எப்படிச் சமாதானம் செய்தார்கள் என்பது கஸ்தூரிரங்கனுக்குத் தெரியாது. மேலே ஜன்னலிலிருந்து பார்த்தபோது, மஹதி சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதும், அவர் குட்டி யானையின் கதவைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவதும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை கதவை விட்டது.

பந்தியில் ஸ்ரீவத்சனுக்குக் கஸ்தூரிரங்கனே இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். பாயசம் வந்தபோது ஸ்ரீவத்சன்தான் பேச்சை ஆரம்பித்தார்: "அந்தப் பக்கத்துக்குத் தகடு ஒண்ணு அடிச்சுடலாம்ணா. ஷரஃபுதீன்கிட்ட ஷீட் இருக்கு. காத்துக்கு ஓட்டை விட்டு அடிச்சா எஞ்சினும் தெரியாது."

"வேண்டாம்" என்றார் கஸ்தூரிரங்கன். "தெரியட்டும்."

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஸ்ரீவத்சன் அவமானம் தாங்காமல் கல்யாணத்துக்கே வரவில்லை என்று திருவான்மியூரில் உறவினர் ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது தவறு. முகூர்த்தம் ஒன்பதரைக்கு, ஸ்ரீவத்சன் ஆறே முக்காலுக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டார். மஹதியைத் தாரை வார்த்துக் கொடுத்தபோது அவர் கஸ்தூரிரங்கனுக்கு வலப் பக்கத்தில், மணையை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.